கட்டை அவிழ்க்கும் முன்

(கும்பகோணத்தில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் அச்சாகிறது.)



என்னை அழைக்க வீட்டுக்கு வந்த நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான். "சார், எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" நான் பதில் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஆனால் அது கடைசியில்தான் வரும். இடையில் எழுந்து போகிறவர்களுக்கு ஸ்கேனர் கிடைக்காது.

உள்ளே வரும்போது உங்கள் அறையைப் பார்த்தேன். இரண்டு இரும்பு பீரோ, ஒரு மர அலமாரி, தரையில் ஏழெட்டு அட்டைப்பெட்டி. பத்து வருடமாக ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. வெற்றிலைக் கடைக் கணக்கு இருக்கிறது, பாத்திரப் பட்டறைப் பேரேடு இருக்கிறது, நாடக நோட்டீஸ் இருக்கிறது, யாரோ ஒரு ஆசிரியர் நாற்பது வருடம் எழுதிய டைரி இருக்கிறது. எல்லாம் பத்திரமாக இருப்பதாகத் தலைவர் பெருமையோடு சொன்னார். பத்திரமாகத்தான் இருக்கிறது. யாருக்கும் எதுவும் கிடைக்காத அளவுக்குப் பத்திரமாக இருக்கிறது.

மர அலமாரியின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தது. துணிக்கடையில் கொடுக்கும் பை. அதற்குள் சணல் போட்டுக் கட்டிய ஒரு காகிதக் கட்டு. யார் கொடுத்தது என்று கேட்டேன். "ஒரு அம்மா கொடுத்துட்டுப் போனாங்க" என்றார்கள். பெயர் தெரியவில்லை. எந்தத் தெரு என்று தெரியவில்லை. கட்டை அவிழ்க்காமல் ஓரங்களை மட்டும் விலக்கிப் பார்த்தேன். மேலே ஒரு ரயில்வே விளம்பர நோட்டீஸ். அதன் கீழே ஒரு சத்திரத்து ரசீது, சுகாதார அதிகாரி கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு, பால் கணக்கு, பிறகு ஒரு பட்டியல்: யார் யார், எத்தனை உருப்படி, எத்தனை நாள். ஒரு தாளில் "ஆங்கீரச வருஷம் மாசி" என்று இருந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது 1933-ஆம் வருடத்து மகாமகம்.

இந்தக் கட்டை உங்கள் இளைஞர்களிடம் கொடுத்து ஒழுங்குபடுத்தச் சொன்னால் என்ன செய்வார்கள்? ரயில் நோட்டீஸ் "போக்குவரத்து" என்ற கோப்புக்குப் போகும். சீட்டு "சுகாதாரம்". ரசீது "சத்திரங்கள்". பால் கணக்கைக் குப்பை என்று நினைத்துக் கழித்துவிடவும் கூடும். ஒவ்வொன்றும் ஒழுங்காக இருக்கும். ஒரு வீடு மட்டும் காணாமல் போயிருக்கும். மகாமகத்துக்கு எத்தனை உறவினரை எப்படி வரவழைத்து, எங்கே தங்கவைத்து, எத்தனை படி பால் வாங்கி, எந்த பயத்தோடு அந்தப் பத்து நாளை ஓட்டினார்கள் என்பதை அந்தக் காகிதங்கள் சேர்ந்திருந்தால்தான் சொல்லும். அவற்றைச் சேர்த்துச் சணல் போட்டுக் கட்டியவருக்கு அது தெரிந்திருந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. கெடுத்துக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வக்கீல் வீட்டுக் காகிதங்கள் என் பொறுப்புக்கு வந்தன. மூன்று மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பொருள்வாரியாக அடுக்கினேன். நிலவழக்கு ஒரு பக்கம், கோயில் வழக்கு ஒரு பக்கம், கடிதங்கள் தேதிவாரியாக இன்னொரு பக்கம். பார்க்க அவ்வளவு அழகு. ஒரு ஆய்வாளர் வந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டி, "இது எந்த வழக்குக் கட்டில் இருந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் யாருக்கும் இனித் தெரியாது. அந்தக் கடிதத்தை அந்த வக்கீல் எதற்காக வைத்திருந்தார் என்ற விவரத்தை நான் அழித்துவிட்டேன். கரையான்கூட அதைச் செய்திருக்காது. அது ஓரத்தைத்தான் தின்னும்.

நான் செய்த தப்பைப் பெரிய தேசங்களும் செய்திருக்கின்றன என்று பிறகு படித்து ஆறுதல் அடைந்தேன். பிரான்சில் புரட்சிக்குப் பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய நிறுவனங்களின் காகிதங்களைக் கலைத்துப் பொருள்வாரியாக வகைப்படுத்தினார்கள். அதன் குழப்பத்தை அனுபவித்த பிறகுதான் 1841-இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. எழுதியவர் நத்தலி தெ வய்யி. சாரம் இவ்வளவுதான்: ஒரு அலுவலகத்திலிருந்தோ, ஒரு குடும்பத்திலிருந்தோ, ஒரு ஆளிடமிருந்தோ வந்த காகிதங்களை ஒன்றாகவே வை, இன்னொருவர் காகிதத்தோடு கலக்காதே. பிற்பாடு பிரஷ்யக்காரர்கள் ஒரு படி மேலே போய், அவர்கள் வைத்திருந்த வரிசையையும் கலைக்காதே என்றார்கள். 1898-இல் மூன்று டச்சுக்காரர்கள் இதையெல்லாம் ஒரு கையேடாக எழுதினார்கள். இன்றுவரை உலகம் முழுக்க ஆவணக் காப்பாளர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கொழுகொம்பு அதுதான்.

நமக்கு இது புதிதும் இல்லை. தஞ்சை மராட்டியர் அரண்மனையின் மோடி எழுத்து ஆவணங்களைத் துணியில் கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டுக்கு ருமால் என்று பெயர். சரஸ்வதி மகாலில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கட்டு என்பது வெறும் துணி இல்லை. இவை ஒன்றாக இருக்க வேண்டும் என்று அன்றைய குமாஸ்தா ஒருவர் எடுத்த முடிவு அது.

ஆக முதல் வேலை, கட்டை அவிழ்க்கும் முன் எழுத வேண்டும். நீளமான நோட்டு ஒன்று போதும். வரவுப் பதிவேடு என்று மேலே எழுதிக்கொள்ளுங்கள். வரிசை எண், தேதி, கொடுத்தவர் யார், அவருக்கு எப்படி வந்தது, வீட்டில் எங்கே இருந்தது. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பரணில் இருந்ததா, தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்ததா, பூஜை அறையில் இருந்ததா? பூஜை அறையில் ஒரு பத்திரம் இருந்தால் அந்தக் குடும்பம் அதை என்னவாக நினைத்தது என்பது புரிந்துவிடுகிறது. பிறகு கொடுப்பவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நிரந்தரமாகக் கொடுக்கிறாரா, பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டுமா, யாரும் பார்க்கலாமா, எதையாவது சில காலம் மூடி வைக்க வேண்டுமா. நம் ஊரில் இதைக் கேட்கச் சங்கடப்படுகிறோம். "பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிறார், அவர்கிட்டப் போய்க் கையெழுத்துக் கேட்பதா?" கேட்கத்தான் வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது பல கிராமக் கணக்குகள் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டன. அடங்கல், சிட்டா, பழைய செட்டில்மென்ட் பதிவேடு என்று இப்போது அவர்களுடைய பேரன்கள் உங்களிடம் கொண்டுவருகிறார்கள். அவை அரசு ஆவணங்கள். வரவில் எழுதுங்கள், தாலுகா அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். தெரிவித்தால் வந்து எடுத்துக்கொண்டுபோய் எங்காவது போட்டுவிடுவார்கள் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் முதலில் பட்டியல் போடுங்கள் என்கிறேன்.

பட்டியலுக்கு வருவோம். இங்கேதான் எல்லாச் சங்கங்களும் படுத்துவிடுகின்றன. ஒவ்வொரு தாளையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வரி எழுதி, முழுதாக முடித்த பிறகுதான் திறப்போம் என்று உட்காருகிறார்கள். எழுதுகிற ஆளுக்கு வயதாகிவிடுகிறது. முந்நூறு தாளோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் என்ற இருவர் 2005-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காப்பகங்கள் தாள் தாளாகச் சீராட்டிக்கொண்டிருப்பதால்தான் பெட்டி பெட்டியாக மூடிக் கிடக்கிறது, அதைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் திற என்பதுதான் அதன் சாரம். தொழிலில் பெரிய சண்டையைக் கிளப்பிய கட்டுரை. எனக்கு அவர்கள் கட்சிதான். முதல் வருடம் கட்டுக்கு அரைப்பக்கம் எழுதுங்கள்: யாருடைய கட்டு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன மொழி, என்ன மாதிரியான காகிதங்கள், சட்டென்று கண்ணில் பட்ட ஊர்ப் பெயர்கள், ஆள் பெயர்கள். அவ்வளவுதான். மஞ்சள் பைக்கு இருபது நிமிடம் ஆகும். தாள் தாளாக எழுதுவது பிறகு, ஆள் கிடைக்கும்போது, தேவைப்படும் கட்டுக்கு மட்டும்.

வருடத்தை எழுதும்போது கவனம். ஆங்கீரச என்றால் 1932–33 என்று எடுத்துக்கொண்டேன், ரயில் நோட்டீஸும் மகாமகமும் துணை இருந்ததால். தனித்தாளாக இருந்தால் 1872–73 ஆகவும் இருக்கலாம். அறுபது வருடச் சக்கரம் அப்படித்தான் ஏமாற்றும். நிலக் காகிதங்களில் பசலி வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். பசலி 1342 என்றால் 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்துக் காகிதம் வந்தால் கொல்லம் ஆண்டு இருக்கும், அதற்கு 824 அல்லது 825. பட்டியலில் முதலில் காகிதத்தில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் உங்கள் கணக்கைப் பகர அடைப்பில் போடுங்கள். உங்கள் கணக்குத் தப்பாக இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார். மூலத்தை மாற்றி எழுதிவிட்டால் திருத்த வழியில்லை.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு மிராசுதார் வீட்டுக் கணக்கு இருக்கிறது, மூன்றாவது பெட்டியில். அழகான கையெழுத்து. நான்கைந்து பக்கம் புரட்டினேன். சாகுபடிச் செலவு, நெல் விற்ற வரவு, கல்யாணச் செலவு. நடுவில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எத்தனை மரக்கால் நெல், எவ்வளவு முன்பணம், பொங்கலுக்கு என்ன துணி. பண்ணையாள் கணக்கு. தஞ்சை மாவட்டப் பண்ணையாட்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. இந்தக் கணக்கு அதற்கு முந்தியது.

உங்கள் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது? இன்ன மிராசுதார் குடும்பக் கணக்கு என்று. தப்பில்லை. அந்தக் குடும்பம்தான் வைத்திருந்தது, அவர்கள் பெயரில்தான் தொகுதி இருக்க வேண்டும். அடுக்குவதில் நான் சொன்ன விதி அதுதான். ஆனால் அந்தப் பக்கங்களில் பெயர் வந்திருக்கிறதே, அவர்களில் எத்தனை பேருக்கு வேறு எந்தக் காகிதத்திலாவது பெயர் இருந்திருக்கும்? பட்டா இல்லை, பத்திரம் இல்லை, கல்யாணப் பத்திரிகை இல்லை. அவர்களுடைய பேத்தி இன்று திருவாரூரில் ஆசிரியையாக இருக்கலாம். அவர் உங்கள் பட்டியலைப் படித்தால் தன் தாத்தா இந்தப் பெட்டிக்குள் இருக்கிறார் என்று தெரியுமா? தெரியாது. அவருக்கு அந்த மிராசுதாரின் பெயர் ஒருவேளை தெரியலாம், தெரிந்தால் வெறுப்போடு தெரியலாம். ஆகவே அடுக்கு கொடுத்தவரின் பெயரில் இருக்கட்டும். பட்டியலைத் தேடி வருபவர் கண்ணால் எழுதுங்கள். "பண்ணையாள் கூலிக் கணக்கு, ஆள் பெயர்களோடு, இன்ன கிராமம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கொடுத்த குடும்பத்துக்கு அந்த வரி பிடிக்காமல் போகலாம். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். வரியை எடுக்காதீர்கள்.

தேடி வருபவர் யார் என்று உங்களுக்கு ஒரு கற்பனை இருக்கும். பல்கலைக்கழகப் பேராசிரியர், கண்ணாடி, நோட்டுப் புத்தகம். என் அனுபவத்தில் முதலில் வருகிறவர் கையில் வில்லங்கச் சான்றோடு வருவார். வாய்க்கால் யாருடையது என்று அண்ணன் தம்பி வழக்கு. அடுத்தவர் சாதிச் சான்றிதழுக்காக 1950-க்கு முந்தைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி வருவார். மூன்றாமவர் டர்பனிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ வருவார். 1860-இல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன துருரோ கப்பல் தொடங்கி, கூலிகளாகப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், கிராமம், ஜில்லா எல்லாம் கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. ஆனால் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். கொள்ளுப்பேரன் ஒரு ஆங்கில எழுத்துக் கூட்டத்தைக் காட்டி "இது எந்த ஊர்?" என்று கேட்பார். டாஞ்சூர் தெரியும், கோம்பகோணம் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் கிராமப் பெயரை இந்த அறையில் உள்ள பெரியவர்கள்தான் வாய்விட்டுப் படித்துப் படித்துக் கண்டுபிடிக்க முடியும். உங்கள் சங்கத்தால் செய்ய முடிந்து, தேசிய ஆவணக் காப்பகத்தால் செய்ய முடியாத வேலை அது. ஊர்ப் பெயர்களுக்குத் தனி அகராதி ஒன்று போடுங்கள்: பழைய பெயர், புதிய பெயர், வெள்ளைக்காரன் எழுதிய பெயர், பக்கத்து ஊர்க்காரன் கேலியாகச் சொல்லும் பெயர் உட்பட.

வழக்குக்காக வருகிறவரை விரட்டாதீர்கள். ஆனால் சங்கம் சாட்சி சொல்லாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

திறப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். சனிக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை. ஒரு மேஜை, வெளிச்சம் விழும் பக்கம். பை வெளியே. பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரே கட்டு, அதுவும் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது. கைபேசியில் படம் எடுக்க அனுமதியுங்கள், ஃபிளாஷ் இல்லாமல். படத்துக்குக் காசு வாங்காதீர்கள். நான் ஒரு இடத்தில் ஒரே ஒரு பக்கம் பார்க்க நான்கு முறை போயிருக்கிறேன். ஒரு நாள் சாவி இல்லை, ஒரு நாள் சாவி வைத்திருப்பவர் இல்லை, ஒரு நாள் இருவரும் இருந்தார்கள், மேலதிகாரி கையெழுத்து இல்லை. நான்காம் நாள் பக்கமே இல்லை.

மூடி வைக்க வேண்டியவையும் உண்டு. உயிரோடு இருப்பவர்களின் கடன், வியாதி, சுவீகாரம், குடும்பச் சண்டை. அவற்றுக்கு ஒரு தேதி குறித்து உறையில் போடுங்கள். இன்ன வருடம் திறக்கலாம் என்று மேலே எழுதுங்கள். தேதியில்லாமல் மூடினால் அது ஒளிப்பது. கடிதங்களில் இன்னொரு சிக்கல்: கடிதம் வாங்கியவர் வீட்டிலிருந்து வந்தாலும், பதிப்புரிமை எழுதியவருடையது, இந்தியாவில் அவர் இறந்து அறுபது வருடம் வரை. காட்டலாம், அச்சிடும் முன் கேட்க வேண்டும். கடிதமா, அதைப் போய் யார் வைப்பார்கள் என்று கேட்காதீர்கள். உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களை 1877 தொடங்கி எடுத்து வைத்திருந்தார். அவர் இந்தக் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்தவர். ஏட்டைப் பாதுகாத்தவர் என்றுதானே அவரைச் சொல்கிறோம்? தபாலையும் பாதுகாத்தார்.

தபாலைச் சொன்னதும் கோட்டையூர் ரோஜா முத்தையா நினைவுக்கு வருகிறார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பத்திரிகை நறுக்குகள் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994-இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். இப்போதும் தரமணியில் போய்ப் பார்க்கலாம். தனி மனிதரின் வெறி ஒரு தலைமுறைக்குள் பொதுச் சொத்தானதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல உதாரணம் அது. அப்படி ஆகாமல் எடைக்குப் போனவை எத்தனை என்று பழைய பேப்பர் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

பராமரிப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் ரகசியம் எதுவும் இல்லை. லாமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப் கூடாது, பத்து வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாயம் போடாத காடாத் துணி, பருத்தி நாடா. பெட்டி தரையில் இருக்கக் கூடாது, சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை யாராவது கையை விட்டுப் பார்க்க வேண்டும். பூச்சி உருண்டையை நம்பாதீர்கள்; அது பூச்சியைவிட உங்களை அதிகம் பாதிக்கும்.

சரி, ஸ்கேனர்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதியில்லாதவற்றுக்கு மாற்று கிடையாது. 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் எண்ணிமமாக்கி வருகிறார்கள் என்றால் அதன் அவசரம் நமக்குப் புரிய வேண்டும். பிரதி எடுப்பதன் மதிப்பு புதுச்சேரிக்காரர்களுக்கும் தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு குடும்ப வீட்டில் கிடந்து, 1846-இல் காலுவா மோம்பிரேன் என்பவர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு பிரதி எடுக்கப்பட்டது. பின்னாளில் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்ததும், நாம் இன்று அதைப் பேசுவதும் அதனால்தான்.

அதனால் படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு சங்கத்தில் இரண்டு வருடம் உழைத்துப் பல்லாயிரம் படம் எடுத்து ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். ஐஎம்ஜி 0001, ஐஎம்ஜி 0002 என்று முடிவில்லாமல் போகிறது. எது எந்தப் பெட்டி என்று யாருக்கும் தெரியாது. காகிதக் குவியலாக இருந்தது மின்குவியலாகிவிட்டது, அவ்வளவுதான். காகிதக் குவியலிலாவது மணம், நிறம், கட்டு என்று ஏதாவது துப்பு இருந்தது.

கட்டுக்கு எண் விழுந்த பிறகு படம் எடுங்கள். படத்தின் பெயரிலேயே கட்டு எண்ணும் தாள் எண்ணும் இருக்கட்டும். முதல் படமாகக் கட்டை அவிழ்க்காத நிலையில் எடுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில், மாமா வீட்டிலாவது. பட்டியலையும் அப்படியே. பழுப்பேறி நொறுங்கும் தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனரில் விடாதீர்கள். மேலிருந்து படம் பிடிக்கும் ஒரு தாங்கியும் இரண்டு விளக்கும் போதும், கேமரா உங்கள் பிள்ளைகள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆக, ஸ்கேனர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குக் காடாத் துணியும் நல்ல அட்டைப் பெட்டியும் வாங்குங்கள்.

வரும் வழியில் பெரிய கடைத்தெருவில் நீள நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், இருநூறு பக்கம். கட்டம் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் மஞ்சள் பை. கொடுத்தவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அந்த அம்மாவை இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரிந்தால், கிளம்புவதற்கு முன் என்னிடம் வந்து தெருவின் பெயரையாவது சொல்லிவிட்டுப் போங்கள்.